ஜல்லி தெறித்த கண்ணாடி: சாலிட் மெக்கானிக்ஸில் இன்னும் முடியாத சில கேள்விகள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தினமும் வந்துபோகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் போனால், பின்னால் வருகிற கார்க்காரர் கொஞ்சம் இடைவெளி விடுவார். ஒரு சின்னக் கல் தெறித்து விண்ட்ஷீல்டில் பட்டால் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி விழும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாள் கழித்து, மே மாத வெயிலில் காய்ந்து நிற்கிற வண்டி மேல் திடீரென்று ஒரு கோடை மழை இறங்கும். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடும். கல் அடித்தபோது தாங்கிய கண்ணாடி, மழைத் தூறலுக்கு ஏன் விட்டுக்கொடுக்கிறது?

நம்ம எஸ்.ஓ.எம். பேப்பரில் இந்தக் கேள்வி வராது. அங்கே விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு. தகைவு பொருளின் வலிமையைத் தாண்டினால் முறிவு. நடுவில் ஒரு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, அவ்வளவுதான், 13 மார்க். எஃகுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு என்று டேபிளில் ஓர் எண் இருக்கும். எஃகு விஷயத்தில் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். கண்ணாடிக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. வலிமை என்பது பொருளை மட்டும் பொறுத்ததல்ல. அதில் ஏற்கெனவே இருக்கிற விரிசலையும், உள்ளே பூட்டிவைத்திருக்கிற தகைவையும், காத்திருக்கிற நேரத்தையும் பொறுத்தது. நான் பார்த்தவரை இந்தத் துறை கடந்த நூறு வருஷத்தில் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான். நம்ம சிலபஸில் இதற்கு ஓர் எலெக்டிவ் தவிர இடமில்லை.

அதற்கு முந்தைய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சுவரில் பதித்த உத்தரம் எங்கே, எவ்வளவு பாரத்தில் முறியும் என்று கலிலியோ 1638இல் எழுதினார். கேள்வி சரி, ஆனால் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்று வைத்துக்கொண்டதால் விடை தவறிப்போனது. ஹூக் 1678இல் தன் விதியை வெளியிட்டார். நாம் இன்று போடுகிற தகைவு என்ற கருத்தைக் கோஷி 1822இல்தான் ஒழுங்காக வரையறுத்தார். நியூட்டன் காலத்திலிருந்தே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு இருநூறு வயதுதான் ஆகிறது. இரண்டாம் வருஷப் பாடமும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது.

இனி கிரிஃபித்துக்கு வருவோம். ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த எஞ்சினியர். உலோகப் பாகங்களில் விழுகிற மெல்லிய கீறல்கள் அவற்றின் வலிமையை ஏன் இவ்வளவு குறைக்கின்றன என்பது அவருக்கு வந்த பிரச்சினை. 1913இல் சார்லஸ் இங்லிஸ் நீள்வட்டத் துளையைச் சுற்றியுள்ள தகைவைக் கணக்குப் போட்டிருந்தார். துளை ஒடுங்க ஒடுங்க முனையில் தகைவு ஏறிக்கொண்டே போகும். கத்தி முனை போன்ற விரிசலுக்கு அது முடிவிலி. அப்படியென்றால் ஒரு கீறல் விழுந்த எந்தப் பொருளும் விரலால் தொட்டாலே முறிய வேண்டுமே? முறிவதில்லை. இந்த இடத்தில்தான் கிரிஃபித் தகைவை விட்டுவிட்டு ஆற்றல் பக்கம் போனார். விரிசல் நீளும்போது பொருளில் சேர்ந்திருக்கிற மீட்சி ஆற்றல் கொஞ்சம் விடுபடுகிறது. அதே நேரத்தில் இரண்டு புதிய பரப்புகளை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை மிஞ்சுகிற கணத்தில் விரிசல் ஓடும். கணக்கப்பிள்ளை பேரேடு எழுதுகிற மாதிரி ஒரு வாதம்! 1921இல் வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர் சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டது உலோகத்தை அல்ல, கண்ணாடியை. கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் அளந்து விரிசல் போட்டு, உள்ளே அழுத்தம் கொடுத்து வெடிக்கவைத்தார்.

அதே கட்டுரையில் இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடியை இழையாக இழுத்து வலிமையை அளந்தார். சுமார் 1 மி.மீ. தடிமனில் 170 மெகாபாஸ்கல் பக்கம் அறுந்த அதே கண்ணாடி, ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனுக்கு இழுத்தபோது 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. பொருள் ஒன்றுதான், வலிமை இருபது மடங்கு. மெல்லிய இழையில் பெரிய விரிசல் இருக்க இடமே இல்லை என்பதுதான் காரணம். இன்றைக்கு ஃபைபர் கிளாஸ் என்று ஒன்று இருப்பதே இந்த உண்மையின் மேல்தான்.

கிரிஃபித்தின் பேச்சு ரொம்ப நாள் எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெல்டிங் செய்த லிபர்ட்டி கப்பல்கள் பிளந்த பிறகுதான் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் இர்வின் அதைக் கையிலெடுத்து, 1957 வாக்கில் எஞ்சினியர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

சரி, நம்ம விண்ட்ஷீல்டுக்குக் கணக்குப் போடுவோம். சாதாரண சோடா-லைம் கண்ணாடியின் முறிவுக் கடினத்தன்மை சுமார் 0.75, அலகு மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர். விரிசல் ஆழத்தைப் பையால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மேற்பரப்பு விரிசல் என்பதால் 1.12ஆல் பெருக்கி, அந்த எண்ணால் 0.75ஐ வகுத்தால் கண்ணாடி தாங்கும் தகைவு வரும். ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் என்றால் விடை கிட்டத்தட்ட 380 மெகாபாஸ்கல். 0.1 மி.மீ. என்றால் 38. ஜல்லி பட்டு 1 மி.மீ. ஆழத்துக்கு விரிசல் இறங்கியிருந்தால் வெறும் 12.

மழை என்ன செய்கிறது? சூடான கண்ணாடியின் வெளிப்பரப்பு மட்டும் சட்டென்று குளிர்கிறது, சுருங்கப் பார்க்கிறது. அடியில் இருக்கிற சூடான பகுதி அதை விடுவதில்லை. மேற்பரப்பு இழுபடுகிறது. யங் குணகம் 70 கிகாபாஸ்கல், வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு 10 லட்சத்தில் 9 பங்கு, பாய்சான் விகிதம் 0.22 என்று போட்டால், 20 டிகிரி வித்தியாசத்துக்கு 16 மெகாபாஸ்கல் வருகிறது. பரப்பை முழுக்க இறுக்கிப் பிடித்ததாக வைத்துக்கொண்ட கணக்கு என்பதால் இது உச்ச அளவு, நிஜத்தில் குறையும். இருந்தாலும் 12க்கும் 16க்கும் நடுவில் நம்ம வண்டி மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது புரிகிறதில்லையா? விரிசலில்லாத கண்ணாடிக்கு இந்தத் தூறல் கொசுக்கடி.

அந்தப் பத்து நாள் காத்திருப்புக்கும் விளக்கம் உண்டு. காற்றிலுள்ள நீராவி விரிசலின் முனைக்குப் போய், அங்கே இழுபட்டு நிற்கிற சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்போடு வினைபுரிந்து ஒவ்வொன்றாக அறுக்கிறது. கிரிஃபித் சொன்ன எல்லைக்குக் கீழேயே விரிசல் ஊர்கிறது. ஷெல்டன் வீடர்ஹார்ன் 1967இல் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி இந்த வேகத்தை அளந்து காட்டினார். நொடிக்கு ஒரு நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பத்து நாளில் அது 0.9 மி.மீ.! ராஜஸ்தானில் ஓடுகிற கண்ணாடியும் சென்னைப் பக்கத்து ஈரக்காற்றில் ஓடுகிற கண்ணாடியும் ஒரே ஆயுளோடு இருக்க நியாயமில்லை.

உள்ளே பூட்டிவைத்த தகைவு

விண்ட்ஷீல்டை விட்டுச் சைடு கண்ணாடிக்கு வருவோம். இரண்டும் வேறு வேறு ஜாதி. முன் கண்ணாடி லேமினேட்டட்: இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம். சைடு கண்ணாடி பெரும்பாலும் டஃபண்ட். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. நம்ம பகுதியிலேயே, ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் மிதவைக் கண்ணாடி செய்கிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிற முறை அது; பில்கிங்டன் கம்பெனி 1959இல் அறிவித்தது. தகட்டை அடுத்து ஒரு நீண்ட உலை வழியாக நிதானமாகக் குளிரவைப்பார்கள். எவ்வளவு நிதானமோ அவ்வளவுக்கு உள்ளே தகைவு தங்காது. அதனால்தான் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கீறல் போட்டு, லேசாகத் தட்டி, நேர்கோட்டில் உடைக்க முடிகிறது. அவருக்குக் கிரிஃபித் யாரென்று தெரியாது, ஆனால் தினமும் அவர் தத்துவத்தில்தான் பிழைப்பு நடக்கிறது.

அதே தகட்டை 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்தால் கதை மாறுகிறது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது இறுகிய பரப்பை உள்ளே இழுக்கும். முடிவில் பரப்பில் அமுக்கத் தகைவு, நடுவில் இழுவிசைத் தகைவு. வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யாதபோதே உள்ளே ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டே இருக்கிறது. பரப்பில் 100 மெகாபாஸ்கல் அமுக்கம் இருந்தால், 0.1 மி.மீ. கீறல் திறக்க முதலில் அந்த 100ஐ ஈடுகட்ட வேண்டும், பிறகுதான் பழைய 38. மொத்தம் 138. சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றரை மடங்குக்கு மேல்.

இதற்கு ஒரு விலை உண்டு. 4 மி.மீ. கண்ணாடியில் அமுக்க அடுக்கு இரு பக்கமும் தடிமனில் 21 சதவீதம், அதாவது 0.84 மி.மீ. மட்டுமே. அதைத் தாண்டி விரிசல் இறங்கிவிட்டால் நடுவிலுள்ள இழுவிசை அதைப் பிடித்துக்கொள்ளும், மொத்தக் கண்ணாடியும் பொரி மாதிரி உதிரும். ஏசி பஸ்ஸில் சிவப்புச் சுத்தியல் கூர்முனையோடு இருப்பது இதனால்தான். மொட்டைச் சுத்தியலால் நடுவில் எவ்வளவு அடித்தாலும் கண்ணாடி வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். கூர்முனையால் மூலைப் பக்கம் அடித்தால் அந்த 0.84ஐத் தாண்டிவிடலாம். முன் கண்ணாடியை இந்தச் சுத்தியலால் அடித்தால் விரிசல் விழும், வழி கிடைக்காது. சில புது வண்டிகளில் சைடு கண்ணாடியும் லேமினேட்டடாக வருகிறது. ஏறி உட்காரும்போது கண்ணாடி மூலையிலுள்ள முத்திரையை ஒரு தடவை படித்துப் பாருங்க, எது என்று அதிலேயே போட்டிருக்கும். ஆபத்து நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இந்தத் தந்திரம் முதலில் ஒரு விளையாட்டுப் பொருளாகத்தான் பிரபலமானது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வாலோடு ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை நிமிண்டினால் மொத்தமும் தூளாகும். 1660களில் இங்கிலாந்து அரசவைக்கு வந்த இந்தத் துளிகளுக்கு இளவரசர் ரூபர்ட்டின் பெயர். ஹூக் தன் 1665ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார். ஆனால் விடை எப்போது கிடைத்தது தெரியுமா? பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜின் முனவ்வர் சவுத்ரியும் 1994இல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, விரிசல் நொடிக்கு 1,450 முதல் 1,900 மீட்டர் வேகத்தில் வாலிலிருந்து தலைக்கு ஓடுவதைக் காட்டினார்கள். தலை ஏன் உடையவில்லை என்பதற்கு 2016இல்தான், எஸ்டோனியாவின் ஹில்லார் ஆபன், இவர்களோடு கௌஷிக் விஸ்வநாதன் ஆகியோர் பதில் சொன்னார்கள்: பரப்பில் 400 முதல் 700 மெகாபாஸ்கல் வரை அமுக்கம். ஹூக்கின் மேஜையில் இருந்த கேள்விக்கு முந்நூற்று ஐம்பது வருஷம்.

அவர்கள் அளந்த முறை ஃபோட்டோ எலாஸ்டிசிட்டி. தகைவுக்கு உள்ளான கண்ணாடியில் ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகும் என்று புரூஸ்டர் 1815–16இல் கண்டுபிடித்தார். இதில் உலகத்தரமான வேலை நம்ம ஐஐடி மெட்ராஸில் நடந்திருக்கிறது. அப்ளைடு மெக்கானிக்ஸ் துறைப் பேராசிரியர் கே. ராமேஷ் டிஜிட்டல் ஃபோட்டோ எலாஸ்டிசிட்டி பற்றி எழுதிய நூல் இந்தத் துறையில் எல்லோரும் புரட்டுகிற நூல். முறிவு இயக்கவியலுக்கும் சோதனைமுறைத் தகைவு ஆய்வுக்கும் அவர் எடுத்த என்பிடெல் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பார்க்கவும் செய்யலாம். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஜியாமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் ஸ்கேலை முன்னால் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸைச் சுழற்றிப் பாருங்க. வார்ப்பில் தங்கிய தகைவு வண்ணப் பட்டைகளாகத் தெரியும். மாலை வெயிலில் அதே கண்ணாடியோடு காரின் பின் கண்ணாடியைப் பார்த்தால் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். ஆலையில் குளிர்காற்று அடித்த குழாய்முனைகளின் தடம் அது.

டஃபண்ட் கண்ணாடியில் ஒரு பயமுறுத்துகிற விஷயமும் உண்டு. யாரும் தொடாமல், அடுக்குமாடியில் பொருத்தி ஒரு வருஷம் கழித்து, நடு இரவில் வெடிக்கும். ஆஸ்திரேலியாவின் பாலன்டைன் 1961இல் காரணத்தைக் கண்டார். உருக்கும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்பைடு துகள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான் இருக்கும். வேகமாகக் குளிர்ந்ததால் பழைய படிக வடிவிலேயே மாட்டிக்கொண்ட அது, அறை வெப்பத்தில் மெல்ல வடிவம் மாறிப் பருக்கிறது. நடுவிலுள்ள இழுவிசைப் பகுதியில் இருந்தால் அவ்வளவுதான். உடைந்த இடத்தில் பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டி நின்றால் இதுதான் குற்றவாளி என்று சந்தேகிக்கலாம். விற்பதற்கு முன்பே கண்ணாடியைச் சூடாக்கிக் காத்திருந்து, வெடிக்கிறதை வெடிக்கவைத்துக் கழிக்கிறார்கள். எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை போதும் என்பதில் இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்விகள் எங்கே மிச்சம் இருக்கின்றன

ஓடுகிற விரிசல் ஏன் கிளை பிரிகிறது? கோட்பாட்டின்படி விரிசல் ராலே அலையின் வேகம் வரை, கண்ணாடியில் நொடிக்கு 3,000 மீட்டருக்கும் மேல், போகலாம். நிஜத்தில் பாதியிலேயே கிளைவிடுகிறது. எலிசபெத் யோஃபி 1951இல் ஒரு காரணம் சொன்னார்; 1990களில் ஃபைன்பெர்க், மார்டர் போன்றவர்கள் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நுண்கிளைகள் தொடங்குவதைக் காட்டினார்கள். முழு விடை இன்னும் இல்லை. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. விதி எண் 43, டஃபண்ட் கண்ணாடியை உடைத்து 5 செ.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது இருக்கின்றனவா என்று எண்ணச் சொல்கிறது. துண்டு பெரிதானால் கழுத்தைக் கிழிக்கும். எண்ணிக்கையை முன்கூட்டியே கணிக்க கிளை பிரிவது புரிந்தாக வேண்டும். 1998இல் ஃபிராங்ஃபோர்ட்டும் மாரிகோவும் கிரிஃபித்தின் ஆற்றல் வாதத்தைப் புதிதாக எழுதியதிலிருந்து பிறந்த ஃபேஸ்-ஃபீல்டு முறையில் இப்போது நிறைய பேர் முயல்கிறார்கள். ஃபெனிக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இதை ஹாஸ்டல் லேப்டாப்பிலேயே ஓட்டலாம்.

ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது. ரப்பர் கண்ணாடிக்கு நேரெதிர் என்று தோன்றும். ஆனால் ரிவ்லினும் தாமஸும் 1953இல் கிரிஃபித்தின் வரவு-செலவுக் கணக்கை அப்படியே ரப்பருக்குக் கொண்டுபோனார்கள், இன்றும் டயர் விரிசலை அளப்பது அந்த வழியில்தான். வெப்பத்திலும் ஓசோனிலும் வயதாகிற ரப்பரில் அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பது திறந்த கேள்வி. பிரஸ் ஷாப்பில் அதிவலிமை எஃகுத் தகட்டை வளைத்துவிட்டால் கொஞ்சம் திரும்பி எழும்புகிற ஸ்பிரிங்பேக்கும் பூட்டிவைத்த தகைவின் விளையாட்டுதான். வாலாஜாபாத் ஸ்டேஷனில் கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற சரக்கு ரயிலின் அச்சு முறியாமல் ஓடுவதற்குப் பின்னால் 1842 வெர்சாய் ரயில் விபத்தும், அதன் பிறகு பிரஷ்யாவில் வோலர் வருஷக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் செய்த சோதனைகளும் இருக்கின்றன. அது தனிக் கட்டுரை.

இவ்வளவும் நம்ம பஸ் ரூட்டில் இருக்கும்போது, ஃபைனல் இயர் பிராஜெக்ட் என்றால் ஏன் மறுபடியும் மறுபடியும் பிஸ்டனை ஆன்சிஸில் போட்டு ஒரு வானவில் படம் எடுத்து பைண்டிங் போடுகிறோம்? கேள்வியே இல்லாத விடை அது. ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஐஐடியும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் மட்டும் வழி அல்ல. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே அயர்வுக்கும் முறிவுக்கும் தனி ஆய்வகம் உண்டு. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வெல்டில் தங்குகிற தகைவை விடாமல் துரத்துகிறார்கள். ஒரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் மோதல் சோதனை நடத்துகிறது.

செலவில்லாத ஒரு பிராஜெக்ட் சொல்கிறேன். கடையில் 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடியை ஒரே அளவுப் பட்டைகளாக வெட்டித் தரச் சொல்லுங்க, 60 போதும். கிரஷர் தூளால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேய்த்துக் கீறல் போடுங்க. பாதியை உலர்வாக, பாதியைத் தண்ணீர் தடவி, யு.டி.எம்.மில் நான்கு புள்ளி வளைவில் உடையுங்க. தேய்த்த பக்கம் கீழே, இழுவிசை விழுகிற பக்கமாக இருக்கட்டும். கண்ணாடிக் கவசமும் கையுறையும் கட்டாயம். 30 பட்டைக்கும் 30 விதமாக எண் வரும், பதற வேண்டாம், அந்தச் சிதறல்தான் தரவு. வெய்புல் 1939இல் கொடுத்த பரவலில் அதைப் பொருத்துங்க. அடுத்த தொகுதியில் பாரம் ஏற்றும் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வலிமை பத்து சதவீதம் அளவுக்கு இறங்குவதைப் பார்க்கலாம். நீராவிக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிடுகிறது.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. முறிந்த முகத்தை லென்ஸில் பார்த்தால், விரிசல் கிளம்பிய இடத்தைச் சுற்றி வழவழப்பான ஓர் அரைவட்டம், அதற்கு வெளியே பனி படிந்த மாதிரி ஒரு வளையம், அப்புறம் சொரசொரப்பு. அந்த வழவழப்பான பகுதியின் ஆரத்தை மீட்டரில் எழுதி வர்க்கமூலம் எடுத்து, 2ஐ அதால் வகுத்தால், உடைந்த கணத்தில் அங்கே இருந்த தகைவு மெகாபாஸ்கலில் வரும். ஆரம் 2 மி.மீ. என்றால் சுமார் 45. யு.டி.எம். காட்டிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்க.